ஆரோக்கியநாதரின் நாயும் பதினோராம் நிபந்தனையும்

எங்கள் ஆலயத்துப் புனிதர் சிறையில் இறந்தவர். குற்றம் ஒன்றும் செய்யவில்லை. பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரான்சு நாட்டில் வசதியான வீட்டில் பிறந்து, பெற்றோர் போனதும் சொத்தையெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு ரோமாபுரிக்கு நடந்து போனார். வழியெல்லாம் கொள்ளை நோய். நோயாளிகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார், பலர் பிழைத்தார்கள். கடைசியில் நோய் அவரையே பிடித்தது. தொடையில் கட்டி. யாருக்கும் ஒட்ட வேண்டாம் என்று காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே ஒரு நாய் தினமும் தன் எஜமானின் மேசையிலிருந்து ஒரு ரொட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததாம். புண்ணையும் நக்கி ஆற்றியதாம். குணமாகி ஊர் திரும்பியவரை ஒற்றன் என்று பிடித்து உள்ளே போட்டது சொந்த மாமன். செத்த பிறகு நெஞ்சில் இருந்த சிலுவை மச்சத்தைப் பார்த்துத்தான் ஆள் யார் என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் ‘அங்க மச்ச அடையாளங்கள்’ என்று ஒரு பத்தி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

புனித ரோக் என்பது புத்தகத்தில் உள்ள பெயர். எங்கள் பக்கம் ஆரோக்கியநாதர். மோட்சத்தில் இலாகா பங்கீடு முறையாக நடந்திருக்கிறது. தொலைந்த பொருள் அந்தோனியாருக்கு. அம்மையும் பட்டாளமும் செபஸ்தியாருக்கு. அவர் ரோமாபுரிச் சிப்பாய், அதனால் உப்பும் மிளகும் காணிக்கையாக வாங்கிக்கொண்டு இந்தப் பகுதியின் ராணுவ வீடுகளையும் சேர்த்துக் கவனிக்கிறார். எங்கள் ஆளுக்குக் கொள்ளை நோயும் நாயும் ஒதுக்கப்பட்டன. இரண்டும் மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய இலாகாக்கள் என்பது என் சந்தேகம்.

தேதி ஒதுக்கீட்டிலும் அவருக்கு யாரும் தயவு காட்டவில்லை. அந்தோனியாருக்கு ஜூன் பதின்மூன்று. செபஸ்தியாருக்கு ஜனவரி இருபது, பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் இன்னும் ரயில் ஏறியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆரோக்கியநாதருக்கு ஆகஸ்டு பதினாறு. முந்தின நாள் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. அதே நாள் சுதந்திர தினம். ஒரே காலையில் ஆலயத்தில் ஒரு கொடிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு கொடிக்கும் வணக்கம் செலுத்திவிட்டு, இரண்டு இடத்து மிட்டாயையும் தின்றுவிட்டு, மறுநாள் பக்தியோடு வா என்றால் யார் வருவார்கள்? போலீசும் அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் காலை நீட்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து நான் மனுவோடு போய் நிற்பேன். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கை வைத்தே ஆடிப்பூரம் எவ்வளவு அருகில் முடிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன். அதில் பாதி ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில். ஓய்வு பெற்ற மறு வாரமே திருவிழாக் கமிட்டி என்னைச் செயலாளர் ஆக்கியது. பக்தியைப் பார்த்து அல்ல. எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எத்தனை நகல் வேண்டும், எந்த வார்த்தையைப் போட்டால் கோப்பு திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும் என்பதற்காக.

ஆலயம் சிறியது. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற சாலையில், ஒரு நூல் மில்லுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது. சுரூபத்தில் புனிதர் அங்கியைச் சற்றுத் தூக்கித் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் வாயில் ரொட்டியோடு நாய். வாங்கி வந்தபோது அது தவிட்டு நிறத்தில் காதில் புள்ளி வைத்த சீமை நாயாக இருந்ததாம். ஒருமுறை வர்ணம் புதுப்பித்த உள்ளூர்ப் பெயிண்டர் யாரையும் கேட்காமல் அதை வெள்ளையாக்கி, மூக்குக்கு இளஞ்சிவப்பு அடித்துவிட்டார். ராஜபாளையம் நாய் ஆகிவிட்டது. ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. ரோமில் படித்துவிட்டு வந்த ஒரு பங்குத்தந்தை மட்டும் அந்த நாய் நிச்சயமாக இந்த இனம் இல்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, “சாமி, நீங்க நேர்ல பாத்தீகளா?” என்று கேட்டார். பிரசங்கம் அன்று சுருக்கமாக முடிந்தது.

மூக்கு மாறியதிலிருந்து நாய் வளர்ப்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் இந்துக்கள். திருநாள் மாலையில் ஆலயத்தின் இடப்பக்கச் சுவரோரம் நாய்களோடு வரிசையாக நிற்பார்கள். சப்பரம் வெளியே வந்ததும், பங்குத்தந்தை மந்திரித்த ரொட்டியை அவரவர் நாய்க்கு அவரவர் கொடுக்க வேண்டும். இதுதான் நேர்ச்சை. காட்டில் நாய் மனிதனுக்குக் கொடுத்த ரொட்டியை இங்கே திருப்பிச் செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். நாய் தின்றால் அந்த வருடம் அதற்கு நோய் நொடி இல்லை. முகத்தைத் திருப்பினால் வீட்டுக்காரர் முகமும் திரும்பிவிடும். பாதி நாய்களுக்குத் தெலுங்குதான் புரியும். வளர்த்த வீடுகளில் பேசுவது அதுதான். பிரான்சுக்காரப் புனிதர், தமிழில் ஜெபம், தெலுங்கு நாய். மொழிப் பிரச்சினை என்று இதுவரை ஒரு புகார் மனு வந்ததில்லை.

கொரோனா வந்த வருடம் மட்டும் எல்லாம் நின்றது. கொள்ளை நோய்க்குப் பொறுப்பான புனிதரின் திருவிழாவைக் கொள்ளை நோயை முன்னிட்டு ரத்து செய்கிறோம் என்ற சுற்றறிக்கையை எழுதியது நான்தான். எழுதும்போது எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். வேறொன்றையும் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி, போன வருடக் கடி.

ராஜபாளையம் நாய் அந்நியர் கையால் எதையும் வாங்கித் தின்னாது. இது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், இதே ஊரில் அறுபத்தெட்டு வருடமாக இருக்கிறார், அவருக்கும் தெரியும். ஆனால் வீடியோக்காரர், “சார், நீங்களே ஒரு ரொட்டி குடுத்தா நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டார். தலைவர் ஜிப்பாவை இழுத்து விட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, யாரோ ஒருவரின் நாய்க்கு நேரே கையை நீட்டினார். நாய் ரொட்டியை விட்டுவிட்டது. உள்ளங்கையில் நான்கு பல். வீடியோ மிகத் தெளிவாக வந்திருந்தது.

ஐந்து ஊசி. ஊசிகளுக்கு இடையில் தீர்மானம் உருவானது. திருவிழாவில் நாய் கூடாது. நாய் வளர்க்கும் வீடுகளில் ஒருவரும் கமிட்டியில் இல்லை என்பதால் ஏகமனதாக நிறைவேறியது. இந்த வருடம் போலீசுக்குக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் வழக்கமான பத்து நிபந்தனைகளோடு இதையும் பதினொன்றாகச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எழுதினேன். ‘ஆலய வளாகத்திலும், அதன் எல்லையிலிருந்து நூறு மீட்டர் தூரத்துக்குள்ளும், பவனிப் பாதை நெடுகிலும், கொடியேற்றம் முதல் கொடியிறக்கம் முடிய, உரிமையாளருடனோ இன்றியோ, கட்டியோ அவிழ்த்தோ, எவ்வகை நாயும் இருத்தலாகாது. நேர்ச்சை ரொட்டியை மேற்படி இடங்களில் விலங்குகளுக்கு வழங்குதலும் கூடாது.’ கமிட்டியில் ஒருவர் அப்படியானால் சுரூபத்தில் இருக்கிற நாய் என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். ‘சுரூபத்தின் பகுதியாக அமைந்த நாய் நீங்கலாக’ என்று சேர்த்துக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தை வாசித்துப் பார்த்துவிட்டு, “ஓட்டையே இல்ல, சார்” என்றார். வேலையில் இருந்த காலத்தில் எந்த அதிகாரியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

நிபந்தனையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, சேத்தூர் சாலையில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டினோம். கொடியேற்றி ஐந்தாம் நாள் காலை ஒரு அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். காலில் மண். சேத்தூர் தாண்டி, தேவதானத்துக்கு இந்தப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் விவசாயக் குடும்பம். கணவர் காலமாகி மூன்று வருடம். மகன்கள் இருவர், பெரியவர் ராணுவத்தில், சின்னவர் போலீசில், இருவருமே வெகு தூரத்தில். தோப்பு வீட்டில் இவரும் ஒரு நாயும் மட்டும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வரிசையில் பார்த்த முகம்.

“அண்ணாச்சி, நாய் வரக்கூடாதுன்னு கம்பத்துல ஒட்டிருக்காகளே, அது யாரு போட்டது?”

“கமிட்டிம்மா.”

“எழுதுனது?”

எழுதுவது வேறு, முடிவு செய்வது வேறு என்று நான் விளக்கத் தொடங்கினேன். காபி கொண்டுவந்த மனைவி, “அவுகதாம்மா எழுதுனாக. நாலு நாளு ஒக்காந்து எழுதுனாக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மாள் காபியைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னார். ஆடி மாதத் தொடக்கத்தில் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கால்நடை மருத்துவர் தோப்புக்கே வந்து குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய மகனுக்குத் தகவல் போனது. ஒரு நாயை நம்பித்தான் அம்மாவைத் தனியாகத் தோப்பில் விட்டு வைத்திருக்கிறேன், அதற்கு ஏதாவது ஆனால் அடுத்த லீவில் வந்து தோப்பை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கையோடு கூட்டிப் போய்விடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவர் இருப்பது மூன்றாவது மாடி. இந்த அம்மாள் ஒரு முறை போய்ப் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பதினெட்டு நாளில் தரையை மிதிக்கவே இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் நேர்ந்துகொண்டார். நாய் எழுந்து நின்றால், திருநாள் அன்று நடத்தியே கூட்டி வந்து, சப்பரத்தில் சாமி வெளியே வரும்போது அவர் முன்னால் ரொட்டி கொடுக்கிறேன் என்று. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் நாய் எழுந்து நின்றது.

“நேந்தத நிறுத்திப்புட்டா அந்தக் காய்ச்ச திரும்பிரும் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்.”

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தீர்மானத்தைத் திருத்தக் கமிட்டி கூட வேண்டும். கூடுவதற்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். திருநாளுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் திருச்சபைச் சட்டப்படி பங்குத்தந்தைக்கு உண்டு. ஆனால் நேர்ந்தவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால்தான் அந்த அதிகாரம் செல்லும்; இவர் இந்து. கொடியிறக்கம் முடிந்த பிறகு நாயோடு தாராளமாக வரலாம். ஆனால் அப்போது சப்பரம் இருக்காது. இப்படி ஒவ்வொரு கதவாக நானே திறந்து காட்டி நானே சாத்தினேன். சர்வீசில் பழகிய வேலை, தடையில்லாமல் வந்தது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“நாய் வராதுன்னு அந்தச் சாமிட்ட சொல்லிட்டீகளா? அவிய எதிர்பாத்துக்கிட்டு இருப்பாகள்ல.”

கிண்டல் இல்லை. உண்மையாகவே விசாரித்தார்.

வருவாய்த் துறையில் சேர்ந்த முதல் மாதத்தில் சொல்லிக் கொடுப்பது இதுதான். பாதிக்கப்படுகிறவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது. போட்டால் மேல்முறையீட்டில் நிற்காது. ஒரு வரப்பை நகர்த்துவதற்கு இரண்டு பக்கத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியவன் நான். இங்கே ஒரு புனிதரின் இலாகாவில் பாதியைப் பிடுங்கியிருக்கிறேன். அவருக்கும் அறிவிப்பு இல்லை, நாய்களுக்கும் இல்லை, நாயை நம்பித் தோப்பில் இருக்கிற ஒரு பெண்ணுக்கும் இல்லை. ஓட்டையே இல்லாத உத்தரவு என்று வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாளிடம் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு இடம் மட்டும்தான். மில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு சந்து, வாய்க்கால் பாலத்துக்குச் சற்று முன்னால் இடதுபுறம் பிரியும். ஆலயத்திலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பவனிப் பாதையிலும் இல்லை. சந்துக்குள் தள்ளி நின்றால் சட்டப்படி தவறில்லை. சப்பரம் சாலையில் கடந்து போவதை அங்கிருந்து பார்க்கலாம் என்றேன்.

“பாத்தாப் போதாது அண்ணாச்சி. முன்னால குடுக்கேன்னு நேந்தேன்” என்றார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். நல்ல பையன். வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, ஆயருக்குப் புகார் போகாமல் முதல் திருவிழாவை முடிக்க வேண்டும் என்பதே அவருடைய அப்போதைய நேர்ச்சை. வருத்தப்பட்டார். அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் என்றார். ரொட்டியை நாமே தோப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றார். சப்பரத்தையும் கொண்டுபோக வேண்டுமே ஃபாதர் என்றேன். ஒரு விலக்குக் கொடுக்கலாமா என்று நான் கேட்டபோது என் பத்திரத்தை எடுத்து என்னிடமே வாசித்துக் காட்டினார். எங்கேயும் ஒரு ‘நீங்கலாக’ இல்லை, சுரூபத்து நாய்க்கு மட்டும்தான் என்றார். உண்மைதான்.

தலைவரிடம் போகவில்லை. அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார் என்று தெரியும்.

திருநாள் அன்று சப்பரம் மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பது ஆறாம் நிபந்தனை. முன்னால் பேண்டு வாத்தியம், அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் தோளில் புனிதர், அவருக்குப் பின்னால் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர், அதற்கும் பின்னால் பங்குத்தந்தையும் தலைவரும் சனமும். இடப்பக்கச் சுவரோரம் காலியாக இருந்தது. வருடா வருடம் குரைப்புச் சத்தத்தில் ஜெபமாலை காதில் விழாது. அன்று ஒவ்வொரு மணியும் துல்லியமாகக் கேட்டது. அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

சப்பரம் தூக்குகிறவர்களுக்குத் தண்டுக்கு அடியில் தலை குனிந்திருக்கும். எதிரில் முதுகுகள்தான் தெரியும். நான் சொல்லும் குரலை வைத்து நடப்பார்கள். “நேரா”, “மெதுவா”, “வலது”. பாதை வரைபடம் கோப்பில், கோப்பு என் கக்கத்தில்.

மில் சுவர் முடியும் இடத்தில் சந்துக்குள் பார்த்தேன். நிற்கிறார்.

நாற்பது அடி உள்ளே. போலீஸ்காரரின் தாய் அல்லவா, சொன்னதைவிடக் கூடுதலாகவே தள்ளி நின்றார். பக்கத்தில் நாய் உட்கார்ந்திருந்தது. குளிப்பாட்டியிருக்கிறார். காய்ச்சலில் எலும்பு எடுத்த விலா வெள்ளைத் தோலுக்குள் எண்ணும்படி தெரிந்தது. தோப்பிலிருந்து அவ்வளவு தூரம் நடத்தியே கூட்டி வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்து அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டவும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தப்பட்டவர் வர முடியாத நிலையில் இருந்தால், அதிகாரி அவர் இருக்கும் இடத்துக்கே போய் விசாரிக்கலாம். ஸ்தல விசாரணை என்று பெயர். எனக்கு அப்போது அது நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“எடது” என்றேன்.

முன் தண்டில் இருந்தவர் தயங்கினார். “நேரால்ல, சார்?”

“எடதுன்னேன்.”

திரும்பினார்கள். ஜெனரேட்டர் ஆட்டோவால் அந்தச் சந்துக்குள் திரும்ப முடியவில்லை. ஒயர் இழுபட்டு, விறைத்து, பிடுங்கிக்கொண்டது. சப்பரத்துச் சீரியல் பல்புகள் மொத்தமாக அணைந்தன. பேண்டுக்காரர்கள் பின்னால் சாமி வராதது தெரியாமல் பாலம் வரைக்கும் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். வெளிச்சமும் வாத்தியமும் இல்லாமல், மாலை வெயிலில், ஆரோக்கியநாதர் தொடைப் புண்ணோடு அந்த நாயைப் பார்த்துப் போனார்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த இளம் காவலர் ஓடி வந்தார். “சார், இது ரூட்லயே இல்லயே. அங்க நாய் வேற நிக்கி.”

“நாய் ரூட்ல நிக்கலப்பா. நாமதான் ரூட்ட விட்டு வந்துட்டோம்.”

அவர் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். “அப்ப நாய் மேல தப்பில்லங்கீக.”

“இல்ல.”

“பொறவு யாரு மேல, சார்?”

“எம் மேல. எழுதிக்கோ.”

அவர் எழுதவில்லை. எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டார். ஐந்து என்றேன். சாலைக்குப் போய் ஒரு பஸ்ஸை நிறுத்திவைத்தார்.

இதற்குள் பின்னாலிருந்த கூட்டம் சந்து வாயில் அடைத்துக்கொண்டது. தலைவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பங்குத்தந்தை கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். நாயைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அங்கியின் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அந்த அம்மாள் கையில் வைத்தார். ரொட்டி அவர் பைக்குள் எப்படி வந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் பதினோராம் நிபந்தனையின் இரண்டாம் வாக்கியம் குறுக்கே வரும்.

அந்த அம்மாள் ரொட்டியைப் பிய்த்து நாயின் வாயருகே நீட்டினார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பன்னிரண்டு பேரின் தோளில் தண்டு முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வேறு யாரும் அங்கே இல்லாத மாதிரி, தாழ்ந்த குரலில் அதனிடம் சொன்னார்.

“தின்னுருலே. நீ தின்னாத்தான் நான் அந்த வீட்ல இருக்க முடியும்.”

நாய் சப்பரத்தை ஒருமுறை மோந்தது. பிறகு ரொட்டியை வாங்கியது. தணிக்கைக்கு வந்த அதிகாரி சாப்பிடுகிற மாதிரி, வேண்டா வெறுப்பாக, ஆனால் மிச்சம் வைக்காமல் தின்றது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு, தூக்கி நின்றவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நான் “திருப்பு” என்றேன். அந்தச் சந்துக்குள் சப்பரத்தைத் திருப்ப முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. புனிதர் சாலை வரைக்கும் பின்புறமாகவே வந்தார்.

மறு வாரம் கமிட்டி கூடியது. அனுமதிக்கப்பட்ட பாதையிலிருந்து விலகியதற்குச் செயலாளரிடம் விளக்கம் கேட்பது என்று தீர்மானம். தலைவர் மிகவும் உறுதியாக இருந்தார். விளக்கம் கேட்கும் குறிப்பாணையை எப்படி எழுதுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்றார். எழுதினேன். கடுமையாகத்தான் எழுதினேன், நான்கு குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை எண். தலைவர் கையெழுத்திட்டார். ஒப்புகை கொடுத்து வாங்கிக்கொண்டு, பதிலளிக்கப் பதினைந்து நாள் அவகாசம் கோரினேன். அவகாசம் முடியும்போதெல்லாம் நீட்டிப்புக் கோருகிறேன். நீட்டிப்பு உத்தரவையும் நான்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மாளின் பெரிய மகன் லீவில் வந்தவர் என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அம்மாவைக் கூட்டிப் போக டிக்கெட் எடுத்து வந்திருந்தார், அம்மா வரமாட்டேன் என்கிறார். நாய் நன்றாக இருக்கிறதாம், சாமியே இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போனதாம், இனி அவருக்கு என்ன பயம் என்று கேட்கிறாராம்.

“நாய்க்கு ஒம்பது வயசு, சார்” என்றார். “இன்னும் எம்புட்டு நாளைக்கு?”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பல மைல் தாண்டி இருந்துகொண்டு ஒரு கிழட்டு நாயைப் பற்றி விசாரித்தபடி வருடத்தைக் கழிக்கப்போகிறவர் அவர். நான் ஒரு திருப்பம் சொன்னேன், அவ்வளவுதான்; அந்தத் திருப்பத்தின் மிச்சத்தை அவர்தான் சுமக்க வேண்டும்.

“நேர்ச்ச வருசா வருசம் புதுப்பிக்க வேண்டியது, தம்பி” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வருசத் திருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருட மனுவை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். பங்குத்தந்தை பாதை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சந்தையும் முறைப்படி சேர்த்துவிட்டால் சிக்கலே இல்லையே என்றார். சேர்க்கக் கூடாது ஃபாதர் என்றேன். சேர்த்தால் சந்து பவனிப் பாதை ஆகிவிடும். பவனிப் பாதையில் நாய் இருத்தலாகாது.